பவுனம்மாள் பெற்ற பிள்ளைகள்

பூட்டியாச்சி இறந்துபோன வியாழக்கிழமை காலையில் அந்த வீட்டில் உட்கார்ந்து அழ இடமில்லை. கூடம் முழுக்கத் தகரப் பெட்டிகள். செவ்வாய்க்கிழமை மதராஸ் கப்பல். பெட்டிகளைத் தூக்கி மாடிப்படித் திருப்பத்தில் அடுக்கிய பிறகுதான் பெஞ்சைப் போட்டு அவளைக் கிடத்த முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் பெட்டியில் இடித்துக்கொண்டு முழங்காலைத் தடவினார்கள், அப்புறம்தான் அழுதார்கள்.

அது 1966 ஜூன் மாதம். ரங்கூனில் மழை பிடித்துப் பத்து நாளாகியிருந்தது. கடைகளையும் மில்களையும் சர்க்கார் எடுத்துக்கொண்டபின் தமிழர்கள் ஊர் திரும்பத் தொடங்கி, பொட்டட்டாங் பக்கம் எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு வீடு காலியாகிக்கொண்டிருந்த காலம். எதிரே யாராவது வந்தால் ‘சௌக்கியமா’ என்று கேட்பது போய், ‘உங்களுக்கு எந்தக் கப்பல்’ என்று கேட்க ஆரம்பித்திருந்தோம். எனக்கு எந்தக் கப்பலும் இல்லை. நான் மேல்மாடியில் ஒற்றைக்கட்டையாக இருந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் யுத்தத்துக்கு முன்னும் பின்னுமாக இருபத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது தமிழ்ப் பாடம் போயிற்று, அதோடு இராஜகுமாரி டீச்சரும் போயாயிற்று. கையெழுத்து மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கையெழுத்துதான் என்னை இந்த விவகாரத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

பூட்டியாச்சி என்பவள் கீழ்வீட்டுத் தேவநேசனுடைய அப்பாவைப் பெற்றவள். தேவநேசனின் மகள் கிருபைக்குப் பூட்டி. கிருபை கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவள் பூட்டியாச்சி ஆகிவிட்டாள். ஞானஸ்நானப் பேர் எஸ்தர் பவுனம்மாள். எண்பத்தாறு வயது என்று ஒரு உத்தேசம்.

நாற்பது வருஷம் தலையில் கூடை சுமந்து பே ப்யோ விற்றவள் அவள். முளைகட்டி அவித்த பட்டாணிக்குப் பர்மாக்காரர்கள் சொல்லும் பேர் அது. ரங்கூனில் காலைச் சோறு அது இல்லாமல் இறங்காது. முந்தின நாள் காலையில் ஊறப்போட்டு, சாயங்காலம் வடித்து, ஈரச் சாக்கில் கட்டி வைப்பாள். முளை ஒரு அரிசி நீளம் வந்ததா என்று சாக்குக்குள் கையைவிட்டுத் தடவியே சொல்லிவிடுவாள். அரிசி நீளத்துக்கு மேல் போனால் கசக்கும் என்பது அவள் கட்சி. விடியுமுன் அவித்து, கூடையில் வாழையிலை போட்டுக் கொட்டி, துணியால் மூடித் தூக்கினால் ‘பே…ப்யோ…’ என்று அவள் குரல் மூன்றாம் தெருவிலிருந்து வரும். அந்தக் குரலுக்கு எழுந்தால் நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தமாட்டேன்.

தேவநேசன் என் கதவைத் தட்டியபோது மணி எட்டு இருக்கும். மர மில் ஆபீஸில் கிளார்க்காக இருந்து, மில் சர்க்கார் கைக்குப் போனதும் வேலை இழந்தவர். எங்கள் தமிழ்ச் சபையில் மூப்பர். நாற்பத்தாறு வயதுக்கு அறுபது வயதுக்காரரின் முகம். கையில் பெட்டி கட்டுகிற கயிற்றை வைத்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே கொண்டு வந்துவிட்டார் போலிருந்தது.

“டீச்சரம்மா, நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம். ஜீவிய சரித்திரம் நீங்கதான் எழுதித் தரணும். உபதேசியார் எழுதுனா அவராலயே திருப்பி வாசிக்க முடியாது.”

எங்கள் சபையில் ஜீவிய சரித்திரம் வாசிக்காமல் சவப்பெட்டியைத் தூக்க மாட்டோம். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், பட்ட பாடு, கர்த்தர் நடத்தி வந்த விதம் எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் கணக்கெடுப்பு. வாசிக்கிறவர் ‘பெற்ற பிள்ளைகள்’ என்றதும் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். ‘பேரப்பிள்ளைகள்’ என்றால் பேரப்பிள்ளைகள். ‘உட்காருங்கள்’ என்று வாசிக்கிறவர் சொல்கிறவரை யாரும் உட்காரக் கூடாது. வேறு சபைக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. எங்களுக்கு அதில்தான் சாவுக்கு ஒரு மரியாதை. ஒருத்தி போனபின் எத்தனை பேர் எழுந்து நின்றார்கள் என்று ஒரு மாதம் பேசுவோம்.

பேனாவை எடுத்தேன். “பிறந்த ஊரு?”

“திருநெவேலிப் பக்கம்.”

“பக்கம்னா எந்தப் பக்கம்?”

“பக்கந்தான் டீச்சரம்மா. ஆச்சிக்கே சரியாத் தெரியாது. பதினாலு வயசுல புருஷனோட கப்பல் ஏறுனவ. அவரு அரிசி மில்லுல மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தாரு. நெஞ்சு வலி வந்து சின்ன வயசுலயே போயிட்டாரு.”

“தொழில்?”

தேவநேசன் கயிற்றை விரலில் சுற்றினார். “சிறு வியாபாரம்னு போடுங்க.”

“பட்டாணி வித்தான்னு போட்டா என்ன, மூப்பரே? அந்தப் பட்டாணியிலதானே உங்கப்பா படிச்சு கிளார்க்கு ஆனாரு?”

“ஐயரு இருப்பாரு, பெரிய மனுஷங்க இருப்பாங்க. சிறு வியாபாரம்னு போடுங்க.” பாஸ்டரை எங்கள் சபையில் ஐயர் என்றும், அவருக்கு உதவியாக இருப்பவரை உபதேசியார் என்றும்தான் சொல்வது.

‘பட்டாணி வியாபாரம்’ என்று எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவளுக்கு மூப்பர் சொல்வது எல்லாம் உடனே கையில் வராது. “சரி. யுத்த காலத்துல எங்க இருந்தாங்க? நாப்பத்திரெண்டுலேர்ந்து நாப்பத்தாறு வரைக்கும்?”

“கர்த்தருடைய பாதுகாப்புல இருந்தாங்கன்னு எழுதுங்க.”

“அது எந்த ஊர்ல இருக்கு?”

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். தெருவில் மழை கொட்டியது. திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். “பெற்ற பிள்ளைகள் ஒண்ணு. ஜெபதாஸ். எங்கப்பா. அதோட முடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஒன்று என்றால் ஒன்றில்லை. சபையில் நாற்பது வயது தாண்டிய அத்தனை பேருக்கும் அது தெரியும். ஜெபதாஸுக்குத் தங்கை ஒருத்தி உண்டு, ஞானப்பூ. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பட்டாணி மூட்டை கொண்டுவந்து இறக்கும் பர்மியப் படகுக்காரன் ஒருவன் பவுனம்மாளுக்கு வாடிக்கை. பதினேழு வயதில் ஞானப்பூ அவனோடு படகேறிப் போய்விட்டாள். புத்த கோயிலுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் சபை அவள் பேரை ரிஜிஸ்தரிலிருந்து அடித்தது. ஜெபதாஸ் வளர்ந்து மூப்பரானார். வீட்டில் அந்தப் பேரை உச்சரிக்கக் கூடாதென்று உத்தரவு போட்டார். மகன் தேவநேசன் அந்த உத்தரவைச் சொத்துபோலக் காப்பாற்றி வந்தார். இத்தனைக்கும் அவர் மனைவி லூர்து ஆர்.சி. பெண். அவர் லூர்துவைக் கட்டிக்கொண்டபோது சபை நாலு நாள் முணுமுணுத்துவிட்டு ஐந்தாம் நாள் பிரியாணி சாப்பிட வந்தது.

பத்து மணிக்குக் கிருபை மேலே வந்தாள். பத்தொன்பது வயது. பேசுவதெல்லாம் பர்மிய மொழிதான். தமிழில் பேசினால் பாதியில் நின்றுவிடும். அழுது, கன்னத்தில் பூசியிருந்த தனகா மரப்பட்டைக் குழம்பெல்லாம் கோடு கோடாகக் கரைந்திருந்தது.

“டீச்சர், கியாக்தானுக்குப் போகணும். என்கூட வாங்க.”

“அங்க யாரு?”

“ப்வாப்வா இருக்காங்க. பாட்டி. பூட்டியாச்சியோட மக.” சட்டென்று பர்மிய மொழிக்கு மாறி, விஷயத்தைக் கொட்டினாள். மாதம் ஒருமுறை பட்டாணி பார்க்கப் போகிறேன் என்று பூட்டியாச்சி ஆற்றைத் தாண்டிப் போனது முழுக்கப் பட்டாணிக்காக இல்லை. ஐந்து வயதிலிருந்து கிருபையும் கூடப் போயிருக்கிறாள். அங்கே அவளுக்கு மாமாக்கள், சித்தி, அவள் வயதில் மூன்று பெண்கள். வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கக் கூடாதென்று பூட்டியாச்சி சத்தியம் வாங்கியிருந்தாள். பதினாலு வருஷம் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை.

“யாரும் சொல்லி அனுப்பல டீச்சர். அப்பாகிட்ட கேட்டேன். ஒரே பெட்டிய கட்டுறாரு, அவுக்குறாரு.”

ஜவுளிப் பையில் குடையைச் சொருகிக்கொண்டு கிளம்பினேன். எனக்குத் தேவநேசன்மேல் கோபம். அந்தக் கோபத்தில்தான் போனேன் என்று சொல்லிவிடுவது நல்லது. பெரிய கருணையெல்லாம் அப்போது இல்லை.

படித்துறையில் சம்பான் ஓட்டுகிற கபீர், பூட்டியாச்சி செத்துவிட்டாள் என்றதும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். சிட்டகாங் ஆள். “பட்டாணி அம்மாவா? அந்த அம்மா காலைக் கீழே வைக்கிறவரை படகைத் தள்ளக் கூடாதுன்னு என்னைத் திட்டும்” என்று உடைந்த தமிழில் சொன்னான். ஆறு பழுப்பாகப் புரண்டு கொண்டிருந்தது. மழையில் எதிர்க்கரை தெரியவில்லை. இரண்டு இடத்தில் படகு சுற்றியது. கிருபை பலகையைப் பிடிக்காமல் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கரைச் சிரியத்தில் இறங்கி பஸ் ஏறினோம். பஸ்ஸில் கோழிக் கூடையும் ஈர லொங்கிகளும் ஙப்பிக் கருவாட்டு வாடையும். வழி நெடுக வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உட்காரவே முடியவில்லை. இருட்டுமுன் போய்த் திரும்ப வேண்டும் என்று எண்ணி எண்ணி நகத்தைக் கடித்தேன்.

கியாக்தானில் ஆற்றின் நடுத்தீவுப் பகோடாவுக்குப் படகு போகிற துறையிலிருந்து நாலு வீடு தள்ளி அவள் வீடு. மூங்கில் வீடு. வாசல் தாழ்வாரத்தில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சிறிய உருவமாக ஒரு கிழவி, ஈரச் சாக்குக்குள் கையைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். பூட்டியாச்சியை இருபது வயது குறைத்துப் பர்மிய உடை போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தாள். ஊரில் அவளுக்கு டோ மியா என்று பேர். படகுக்காரப் புருஷன் போய் ஆறு வருஷமாயிற்று.

கிருபையைப் பார்த்ததும் சிரித்தாள். பக்கத்தில் என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கிருபை பர்மிய மொழியில் இரண்டே வாக்கியம் சொன்னாள். கிழவி சாக்கிலிருந்து கையை எடுத்து லொங்கியில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டேயிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். அம்மாவைத் தவிர யாரோடும் ஐம்பது வருஷம் பேசாத தமிழ். பதினேழு வயதுப் பெண்ணின் தமிழ் அப்படியே இருந்தது.

“அம்மாவ யாரு குளிப்பாட்டுனா?”

“நானும் லூர்துவும்.”

“தலைக்கு எண்ணெ வச்சியளா? அவளுக்குத் தலை காஞ்சா தூக்கம் வராது.”

“வச்சோம்மா.”

“எந்தப் பக்கம் வகிடு எடுத்திய?”

“நடு வகிடு.”

“சரி” என்றாள். உள்ளே போய் எங்களுக்குச் சோறு போட்டாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஆவி பறக்கிற சோற்றில் பே ப்யோவைக் கொட்டி, எண்ணெய் ஊற்றி, வறுத்த வெங்காயத்தைத் தூவிக் கொடுத்தாள். முளை சரியாக ஒரு அரிசி நீளம். கிருபை ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டோடு அழுதாள். கிழவி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, “சாப்பிடு, சாப்பிட்டுட்டு அழு” என்று பர்மிய மொழியில் சொன்னாள்.

அதற்குள் பின்வீட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு மகன்கள், ஒரு மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். தாழ்வாரம் நிறைந்துவிட்டது. இளைய மகன் பெரிய உடம்புக்காரன். தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான். யுத்த காலத்தில் பூட்டியாச்சியோடு ஒரே பாயில் படுத்தவன் என்று கிருபை சொன்னாள்.

“எந்த யுத்த காலத்துல?” என்றேன்.

கிழவிதான் பதில் சொன்னாள். “குண்டு விழுந்துதுல்லா? அண்ணனும் அவன் மகனும் ஊருக்கு நடந்து போயிட்டாகன்னு படகுக்காரங்க சொன்னாக. அம்மாவுக்கு என்ன ஆச்சின்னு யாருக்கும் தெரியல. நானும் எம்புருஷனும் படக எடுத்துக்கிட்டு வந்தோம். தெருவுல நாயிதான் கெடக்கு. அம்மா சபைக் கோயில் வெராந்தாவுல உக்காந்திருக்கா, பக்கத்துல கூடை. மூணு நாளாப் பச்சைப் பட்டாணியத் தின்னுக்கிட்டு இருந்திருக்கா. கூட்டிட்டு வந்துட்டேன்.” அவ்வளவுதான் சொன்னாள். அதில் ஒரு குறையும் சேர்க்கவில்லை. “நாலு வருஷம் இருந்தா. தேவநேசன் திரும்பி வந்துட்டான்னு கேள்விப்பட்டதும், புள்ளைக்குச் சோறு பொங்க ஆளில்லன்னு ஓடிட்டா.”

கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள். கொதி அண்டாவில் வெந்து வெந்து கெட்டிப்பட்ட கை.

“டீச்சரம்மா, என்னையக் கோயிலுக்குள்ள விடுவாகளா?”

“விடுவாங்க.”

“எங்கப்பாவுக்கு வாசிச்சப்போ எனக்குப் பத்து வயசு. பெற்ற பிள்ளைகள்னதும் எந்திரிச்சேன். கால் வலிச்சுது. உக்காரலாமான்னு கேட்டேன், அண்ணன் கிள்ளுனான்.” கொஞ்சம் சிரித்தாள். “இப்பவும் அப்பிடித்தானா?”

“இப்பவும் அப்படித்தான்.”

“எம்பேரு வருமா?”

“வரும்” என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவள்.

சாயங்காலம் வந்ததும் உட்கார்ந்து எழுதி முடித்தேன். பட்டாணியை எழுதினேன். கோயில் வெராந்தாவை எழுதினேன். கியாக்தானில் மகள் ஞானப்பூ வீட்டில் நாலு வருஷம் என்று எழுதினேன். பெற்ற பிள்ளைகள் இரண்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். கைக்குழந்தையைச் சேர்த்துப் பதினாலு பேர். நனைந்து ஊறி, மங்கலான நிறத்தில் லொங்கியும் வெள்ளைச் சட்டையுமாக மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். பெரிய மகன் தலையில் ஒரு கூடைச் சோறு. சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று கிழவிக்கு நினைவிருந்திருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருந்த சபைப் பெண்கள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். லூர்துதான் எழுந்து போய்க் கிழவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். “வாங்க மதினி” என்று முறை தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, “வாங்க சித்தி” என்றாள்.

கிழவி பெஞ்சின் தலைமாட்டில் நின்றாள். முந்தானையை விலக்கி வகிட்டைப் பார்த்தாள். இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள், எண்ணெய் இருக்கிறதா என்று. பிறகு தரையில் உட்கார்ந்து, பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு, பர்மிய மொழியில் என்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அதில் பாதி புரிந்தது. அம்மா, அடுத்த மாசம் வர்றேன்னு சொன்னியே என்பது ஒன்று.

தேவநேசன் அந்தக் கூடத்தில் இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் பெட்டிகளுக்குள் இருந்தார். நான் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். வெராந்தா வந்த இடத்தில் முகம் கறுத்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு பத்தி முழுவதையும் அடித்தார். கீழே வந்து ‘இரண்டு’ என்பதை அடித்து ‘ஒன்று’ என்று எழுதினார்.

“மூப்பரே, அந்தம்மா உள்ள உக்காந்திருக்காங்க.”

“தெரியும்.”

“நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

“உங்கள யாரு குடுக்கச் சொன்னா?” குரல் உயர்ந்தது. படியில் நின்ற பர்மியப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். “சபை அடிச்ச பேரைச் சபையில வாசிக்கக் கூடாது. அப்பா வச்ச ஒழுங்கு. நான் மூப்பன்.”

“லூர்து வந்தப்போ அந்த ஒழுங்கு எங்க போச்சு?”

“லூர்து ஞானஸ்நானம் வாங்குனா!”

“செவ்வாய்க்கிழமை நீங்க கப்பல்ல ஏறிடுவீங்க. ஆச்சி கல்லறைக்கு இனி யாரு வந்து புல்லு பிடுங்கப்போறா? ஐயரா, உபதேசியாரா? உள்ள உக்காந்திருக்கிற பதினாலு பேருதான். அவங்களை இல்லன்னு வாசிச்சுட்டு ஏறுவீங்களா?”

அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். அப்புறம் முடிச்சைப் பார்த்தே பேசினார்.

“டீச்சரம்மா, நாப்பத்திரெண்டுல நாங்க இந்தியாவுக்கு நடந்தப்போ ஆச்சி நடக்கமாட்டேன்னு சொல்லல. நானும் வாரேன்னுதான் சொன்னா. கூடையத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா. அப்பாதான் சொன்னாரு, இவ வந்தா நாம மூணு பேரும் செத்துருவோம்னு. உபதேசியார் கூட இரு, வாரோம்னு சொல்லிட்டுக் கிளம்புனோம். தெரு முக்குல திரும்பிப் பாத்தேன். இருபத்திரெண்டு வயசு எனக்கு. ஒரு ஆளத் தூக்கிட்டு நடக்க முடியாத வயசா? வழியில தவுங்குப்புல அப்பா காலராவுல போயிட்டாரு. நான் ஊர் சேந்தேன். திரும்பி வந்து பாத்தா ஆச்சி அடுப்பு முன்னால உக்காந்திருக்கா. எங்க இருந்தேன்னு அவ சொல்லல. நானும் கேக்கல. இருபது வருஷம் கேக்கல. உங்க காகிதத்த அத்தனை பேரு முன்னால நான் எப்பிடி வாசிப்பேன்?”

எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. அது இறங்கியதில் எனக்கே எரிச்சல். “அப்ப உபதேசியாரை வாசிக்கச் சொல்லுங்க” என்றேன்.

“ஆச்சிக்கு நான்தான் வாசிக்கணும்” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

நாலு மணிக்குக் கோயில் நிரம்பியிருந்தது. போகிறவர்கள், போகாதவர்கள், போவதா வேண்டாமா என்று தெரியாதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை. முதல் பெஞ்சில் லூர்து தனியாக உட்கார்ந்திருந்தாள். கிருபை அங்கே உட்காரவில்லை. கடைசி இரண்டு பெஞ்சிலும் கியாக்தான்காரர்கள். அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து பாட்டுக்கும் ஜெபத்துக்கும் காதோடு காதாக அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவி ஓரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளை உட்காருவது போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவளிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தேவநேசன் மேடையேறினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார். திருநெல்வேலிப் பக்கம். பதினாலு வயதில் கப்பல். ஞானஸ்நானம். பட்டாணி வியாபாரம் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, அதை அப்படியே வாசித்தார். யுத்த காலத்தில் கர்த்தருடைய பாதுகாப்பில் இருந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் ‘ஸ்தோத்திரம்’ என்றார்.

“எஸ்தர் பவுனம்மாள் அம்மையார் பெற்ற பிள்ளைகள்…” என்றார் தேவநேசன்.

கடைசி பெஞ்சில் கிழவி எழுந்து நின்றாள்.

எண்ணிக்கை வருமுன்பே எழுந்துவிட்டாள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் எழ வேண்டும் என்று பத்து வயதில் படித்த பாடம். கைகளைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறவரின் முகத்தைப் பார்த்து நின்றாள். அவளிடம் எதிர்ப்பு எதுவும் இல்லை, கெஞ்சுதலும் இல்லை. தன் பேர் அடுத்து வரப்போகிறது என்று நம்பி நின்றாள். அத்தனை தலையும் திரும்பியது. அந்தக் கோயில் முழுக்க நிற்கிறவர்கள் இரண்டே பேர், மேடையில் அவரும் கடைசியில் அவளும்.

தேவநேசன் காகிதத்தைப் பார்த்தார். ஐயர் இருமினார். முன்வரிசையிலிருந்து யாரோ, “மூப்பரே, மேல வாசிங்க” என்றார்கள். அவர் காகிதத்தை மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

“பெற்ற பிள்ளைகள் ரெண்டு. ஜெபதாஸ். ஞானப்பூ.”

ஐயர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். தேவநேசன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புத்தகத் தமிழை விட்டுவிட்டுப் பேசினார். “நாப்பத்திரெண்டுல ஆச்சிய இந்தத் தெருவுல விட்டுட்டுப் போனது நான். எங்கப்பாவும் நானும். மூணு நாளு இந்தக் கோயில் வெராந்தாவுல கெடந்தா. நாம அடிச்ச பேருக்காரிதான் படகு எடுத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போனா. நாலு வருஷம் சோறு போட்டா. இத நான் வாசிக்காம விட்டுட்டேன். இப்பச் சொல்லுதேன்.” தொண்டையைச் செருமினார். “பேரப்பிள்ளைகள்.”

கிருபை பெஞ்சில் கிசுகிசுத்தாள். கடைசி இரண்டு வரிசையும் எழுந்தது. எழ வேண்டியவர்கள் யார், வேண்டாதவர்கள் யார் என்று தெரியாமல் பேரப்பிள்ளைகள், மருமக்கள், கொள்ளுப்பேரர்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்தார்கள். குழந்தை வீறிட்டது. தேவநேசன் மேடையிலிருந்து விரல் நீட்டி எண்ணினார். நடுவில் தப்பிப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். எண்ணி முடித்துத் தொகையைச் சொல்லவில்லை. லூர்து முதல் பெஞ்சில் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

உட்காருங்கள் என்று அவர் சொல்லவேயில்லை. மறந்துவிட்டார். பெரியவர்கள் நின்றார்கள், பிள்ளைகள் கால் மாற்றி நின்றார்கள். கிழவி பெஞ்சைப் பிடிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

தேவநேசன் மேடையிலிருந்து இறங்கினார். ஆச்சியின் பெட்டியைக் கடந்து, பெஞ்சுகளுக்கு நடுவே கடைசி வரைக்கும் நடந்து வந்தார். பிறந்ததிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியிராதவர். அவள் முன்னால் நின்று அவள் காலைப் பார்த்தார்.

“அத்தே, உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செவ்வாய்க்கிழமை நாங்க போயிருவோம் அத்தே. ஆச்சிய இனி நீங்கதான் பாத்துக்கிடணும்.”

“பாத்துக்கிட்டுத்தானல இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.